கடலூர்ல இன்னிக்கும் இருக்கறதுல எது ரொம்பப் பழசு? பசங்களை எங்கெங்க கூட்டிப் போகலாம்?

டீச்சரம்மா_கடலூர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் நம்ம ஊர்ல எட்டாங் கிளாஸுக்கு சோஷியல் எடுக்கறேன். வருஷா வருஷம் டூர்னா மகாபலிபுரம், தஞ்சாவூர், இல்லன்னா பாண்டி பீச்சு, அதைத் தாண்டி யாரும் யோசிக்கறதே இல்ல. இந்தத் தடவ பொங்கல் லீவை ஒட்டி ஒரு நாள் முழுக்க நம்ம ஊரையே காட்டலாம்னு ஹெச்.எம். கிட்ட பேசி சம்மதம் வாங்கிட்டேன். பாடத்துல கர்நாடகப் போர் வருது, கிளைவ் வர்றாரு, டூப்ளே வர்றாரு, ஆனா அவங்க சண்டை போட்ட கோட்டை இருந்த இடத்துக்குப் பக்கத்துலதான் லீவு நாள்ல சில்வர் பீச்சுக்கு சைக்கிள் மிதிச்சுகிட்டுப் போறோம்னு என் கிளாஸ்ல ஒரு பிள்ளைக்கும் தெரியல. அது எனக்கு ரொம்ப வருத்தமா போச்சு.

வடக்கால பெண்ணையாறு, நடுவால கெடிலம், தெக்கால உப்பனாறு, கிழக்க கடல். இவ்ளோ தண்ணிக்கு நடுவுல இருக்கற ஊரு. இங்க இன்னிக்கும் கண்ணால பாக்கக்கூடிய பழைய இடம் எது, விடாம நடந்துகிட்டிருக்கற பழைய நிறுவனம் எது? கோயில், மடம், ஸ்கூல், ஜெயில், துறைமுகம் எதுவா இருந்தாலும் சரி. ஆவணம் இருந்தா சொல்லுங்க, வாய்வழிக் கதைன்னா கதைன்னே சொல்லுங்க. ரெண்டும் வேணும், ஆனா கலந்துடக் கூடாது.

பழங்கல்:
ஆரம்பம் பாடலீஸ்வரர் கோயில்தான் டீச்சர், அதுல யாருக்கும் மாத்துக் கருத்து இருக்காது. ஆனா கோயிலுக்கும் முன்னாடி, அது இருக்கற திருப்பாப்புலியூருக்கு, அதான் திருப்பாதிரிப்புலியூருக்கு, ஒரு கதை இருக்கு, அது கதையில்ல, தேதியோட இருக்கு. இங்க ஒரு பெரிய சமணப் பள்ளி, அதாவது சமண முனிவர்கள் இருந்த மடம், இருந்துச்சு. லோகவிபாகம்னு உலக அமைப்பைப் பத்தின சமண நூலை சர்வநந்திங்கற முனிவர் பாடலிகாங்கற ஊர்ல எழுதி முடிச்சாருன்னு அதோட பிற்கால சமஸ்கிருத வடிவத்துல குறிப்பு இருக்கு, அதுவும் சும்மா இல்ல, சக வருஷம் 380, காஞ்சி மன்னன் சிம்மவர்மனோட 22-ஆம் ஆட்சியாண்டுன்னு. அதாவது கி.பி. 458. அந்தப் பாடலிகா நம்ம திருப்பாப்புலியூர்தான்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. பல்லவர் காலக்கணக்கைப் போடறதுக்கே இந்த ஒரு தேதியைத்தான் பிடிச்சுகிட்டு ஆரம்பிச்சாங்க, அந்த அளவுக்கு முக்கியம்.

அந்தப் பள்ளியிலதான் அப்பர் தருமசேனர்ங்கற பேர்ல தலைவரா இருந்தாரு. அவர் சைவத்துக்குத் திரும்பி, பல்லவ மன்னனும் மனசு மாறினதுக்கு அப்புறம், பாடலிபுத்திரத்துல, அதாவது நம்ம திருப்பாப்புலியூர்ல, இருந்த பள்ளியையெல்லாம் இடிச்சு அந்தக் கல்லைக் கொண்டுபோய் திருவதிகையில குணபர ஈச்சரம்னு சிவன் கோயில் எடுத்தான்னு பெரியபுராணம் சொல்லுது. திருவதிகையும் கெடிலக்கரைதான், மேற்க பண்ருட்டிகிட்ட. ஆக நம்ம ஊரோட ரொம்பப் பழைய நிறுவனம் எதுன்னு கேட்டா அந்தச் சமணப் பள்ளிதான், ஆனா அது இன்னிக்கு இல்ல. இருக்கறதுல பழசுன்னு வந்தா ஏழாம் நூத்தாண்டுல அப்பர் "ஈன்றாளுமாய்"னு பாடின கோயில். இப்ப நிக்கற கல் கட்டடம் சோழர் காலத்துல ஆரம்பிச்சு அப்புறம் அப்புறமா சேர்ந்தது. உள்ள தலமரம் பாதிரிக்கு கவசம் போட்டு வெச்சிருக்காங்க, பசங்களுக்கு அதை மறக்காம காட்டுங்க.

வண்டிப்பாளையத்தான்:
பழங்கல் அண்ணன் கோயிலோட நிறுத்திட்டாரு, அதுக்கு முந்தின இடம் எங்க ஊர்ல இருக்கு. கரையேறவிட்ட குப்பம். அப்பரை கல்லோட கட்டிக் கடல்ல தள்ளினாங்க, "கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும்"னு பாடினாரு, கல்லு தெப்பமாகி அவரு கரை சேந்த இடம் இதுன்னு தலைமுறை தலைமுறையா சொல்றோம். சித்திரை மாசம் அனுஷத்தன்னிக்கு கரையேறுற விழா நடக்கும், ஓதுவார் அந்தப் பதிகத்தைப் பாடும்போது எங்க தெருவுல பொம்பளைங்க எல்லாம் கூடவே முணுமுணுப்பாங்க, எங்க ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவங்க, பத்துப் பாட்டும் அவங்களுக்கு மனப்பாடம்.

இப்ப கடல் எங்க இருக்கு, எங்க ஊரு எங்க இருக்குன்னு பசங்க கேப்பாங்க டீச்சர். கேக்கட்டும். கெடிலம் முன்ன ஊருக்குத் தெக்கால கேப்பர் மலையை ஒட்டி ஓடுச்சு, அப்புறமாத்தான் திரும்பி வடக்கால வந்துச்சுன்னு எங்க பக்கத்துப் பெரியவங்க சொல்வாங்க. ஆறு கடல்ல கலக்கற இடம் இருந்த இடத்துலயே இருக்கணும்னு யாரு சொன்னா, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் முகத்துவாரம் நகருது, நாமளே பாத்துட்டுதான இருக்கோம். கெடிலக்கரையைப் பத்தித் தனியா ஒரு பெரிய நூலே எழுதின புலவர் சுந்தர சண்முகனார் எங்க ஊர்க்காரர்தான், அதையும் பசங்ககிட்ட சொல்லுங்க.

முதுநகர்க்காரன்:
எப்பவும் போல ஓ.டி.யை, அதான் ஓல்டு டவுன் முதுநகரை, எல்லாரும் மறந்துட்டீங்க. கடலூர்னு வெள்ளைக்காரன் எழுதி வெச்ச ஊரு எங்க ஊருங்க. மஞ்சக்குப்பமும் திருப்பாப்புலியூரும் சேந்து புதுநகர் ஆனது அப்புறம். துறைமுகத்துக்காக வந்தவன்தான் எல்லாரும். டச்சுக்காரன் 1608-லயே செஞ்சி நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி தேவனாம்பட்டினத்துல கடை போட்டான், நெசவுத்துணிக்காக. 1690-ல இங்கிலீஷ்காரன் மராத்தியர்கிட்ட அங்க இருந்த கோட்டையை விலைக்கு வாங்கினான்.

அந்த விலை பேசின விதத்தை பசங்களுக்குக் கட்டாயம் சொல்லுங்க. கோட்டையோட சேத்து சுத்துப்பட்டு கிராமமும் உண்டு, எவ்ளோ தூரம்னா பீரங்கிக் குண்டு போயி விழற தூரம் வரைக்கும். அவனும் இருக்கறதுலயே நல்ல பீரங்கியைக் கொண்டாந்து நாலா பக்கமும் சுட்டான், குண்டு விழுந்த இடம் வரைக்கும் அவனுது, கடலூர் ஊரும் அதுல சேந்துபோச்சு. குண்டு கிராமங்கள்னே ரெக்கார்டுல பேரு. ஒரு நாள்ல ஒரு குண்டு நம்ம பாட்டன் பூட்டன் நிலத்தை யாருதுன்னு முடிவு பண்ணிருச்சு, இதைவிட அந்தக் காலத்தைப் புரிய வைக்க வேற பாடமே வேணாம்.

அப்புறம் ஸ்வீடன் நாட்டுல இருந்து வந்த கீர்நாண்டர்ங்கற பாதிரியார் 1740-ல கடலூர்ல மிஷன் வேலை ஆரம்பிச்சாரு, ஸ்கூலும் நடத்தினாரு. 1758-ல பிரெஞ்சுக்காரன் ஊரைப் பிடிச்சதும் கல்கத்தாவுக்குப் போயிட்டாரு. எங்க பக்கம் சர்ச்சு, மணிக்கூண்டு, பக்தவத்சலம் மார்க்கெட்டு, உப்பனாத்து ஓரம் பழைய கிடங்கு, இது எல்லாம் நடந்தே பாக்கலாம். சுதந்திரப் போராட்டத்துல கடலூர் அஞ்சலை அம்மாள் முதுநகர் பொண்ணு, 1890-ல பொறந்தவங்க, மெட்ராஸ்ல இருந்த இங்கிலீஷ் தளபதி நீலோட சிலையை எடுக்கச் சொல்லி 1927-ல போராடி ஜெயிலுக்குப் போனவங்க. ஓ.டி.க்கு வராம பசங்களைத் திருப்பி அனுப்பாதீங்க டீச்சர்.

சில்வர்பீச்_சிவப்பு:
முதுநகர் அண்ணன் குண்டு வரைக்கும் சொல்லிட்டாரு, கோட்டைக்கு என்ன ஆச்சுன்னு நான் சொல்றேன், ஏன்னா எனக்கு இதுதான் உசுரு. செயின்ட் டேவிட் கோட்டை. 1746-ல பிரெஞ்சுக்காரன் மெட்ராஸைப் பிடிச்சுட்டான், உடனே இங்கிலீஷ்காரனுக்கு தென்னிந்தியாவுக்கே தலைமையிடம் நம்ம தேவனாம்பட்டினம்தான், 1752 வரைக்கும். யோசிச்சுப் பாருங்க, மெட்ராஸே நம்ம ஊரு சொல்றதைக் கேட்டுச்சு. மெட்ராஸ்ல இருந்து தப்பிச்சு வந்த கிளைவ் இங்க வந்துதான் கணக்கெழுதறதை விட்டுட்டு பட்டாளத்துல சேந்தாரு. அதே கிளைவ் 1756 ஜூன்ல இந்தக் கோட்டைக்கே கவர்னரா வந்தாரு, சில மாசத்துல கல்கத்தா விழுந்த சேதி வர, கிளம்பிப் போனாரு, அடுத்த வருஷம் பிளாசி. பிளாசிக்குப் போன வழி கெடிலக்கரையில இருந்து கிளம்புது!

1758-ல பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முத்துகை போட்டுப் பிடிச்சு, மதிலையெல்லாம் வெடி வெச்சுத் தகர்த்துட்டான். அதோட கோட்டை முடிஞ்சுது. ஆனா சண்டை முடியல. 1782-ல ஹைதர் அலி துணையோட பிரெஞ்சுக்காரன் மறுபடி கடலூரைப் பிடிச்சான். 1783 ஜூன்ல தரையில ஸ்டூவர்ட்டோட இங்கிலீஷ் படை, கடல்ல பிரெஞ்சுக் கப்பல்படைத் தலைவர் சுஃப்ரன் ஒரு பக்கம், இங்கிலீஷ் கப்பல்படைத் தலைவர் ஹியூஸ் ஒரு பக்கம். ஜூன் 20-ந்தேதி கப்பல் சண்டை நம்ம கரைக்கு எதுத்தாப்புல. அமெரிக்கா சுதந்திரத்துக்காக ஆரம்பிச்ச சண்டை உலகம் பூரா பரவி, ஐரோப்பாவுல சமாதானம் பேசி முடிச்ச சேதி வந்து சேராததால இங்க இன்னும் சுட்டுகிட்டு இருந்தாங்க. சேதி வந்ததும் நிறுத்தினாங்க. அந்தப் போரோட கடைசிச் சண்டைகள்ல ஒண்ணு கடலூர்ல நடந்துச்சுன்னு எந்தப் பசங்களுக்குத் தெரியும்?

இப்ப போனா கெடிலத்து ஓரம் இடிபாடு கொஞ்சம், அகழி இருந்த பள்ளம் கொஞ்சம். செங்கல்லைக் கிட்டப் போயி பாருங்க, இப்ப வர்ற கல்லு மாதிரி கனமா இருக்காது, மெலிசா இருக்கும், நடுவுல சுண்ணாம்பு அவ்ளோ கெட்டியா பிடிச்சிருக்கும், ஆலங்கன்னு வேர் விட்டு பிளந்த இடத்துல கூட கல்லுதான் உடைஞ்சிருக்கு, சுண்ணாம்பு விடல. அதைத் தொட்டுப் பாக்க வெச்சாலே போதும்.

பழங்கல்:
சிவப்பு தம்பி, உங்க ஆசை புரியுது, ஆனா டீச்சர் கேட்டது இன்னிக்கும் இருக்கறது. லாலி தகர்த்த கோட்டையை இருக்கற லிஸ்ட்ல சேத்தா, அப்புறம் நான் சமணப் பள்ளியையும் சேப்பேன். ஒரு அளவுகோல் வேணும். பேரு கேட்டவுடனே பெருமையா இருக்குங்கறதுக்காக ஒரு பள்ளத்தைக் காட்டிட்டு, ஆயிரம் வருஷமா தினமும் விளக்கு எரியற கோயிலோட அதை ஒரே வரிசையில வெக்கக் கூடாது.

சில்வர்பீச்_சிவப்பு:
அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, பசங்களுக்கு நிக்கறதை மட்டும் காட்டினா, ஜெயிச்சவன் கட்டினது மட்டுந்தான் வரலாறுன்னு ஆயிடும். இடிஞ்சதுக்கும் இடம் இருக்கணும். கோட்டை இருந்த இடத்துல நின்னு சுத்திப் பாத்தாத்தான் ஏன் இங்க கட்டினான்னு தெரியும், ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், வர்ற கப்பலும் தெரியும், ஆத்தைத் தாண்டி வர்ற படையும் தெரியும். மேப்புல அது தெரியாது.

டீச்சரம்மா_கடலூர்:
ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு வேணும். பசங்ககிட்ட இந்தச் சண்டையையே கேள்வியா வெக்கப் போறேன், கோட்டையை லிஸ்ட்ல சேக்கலாமா வேணாமான்னு அவங்களே எழுதட்டும். மஞ்சக்குப்பம் பக்கம் யாரும் இன்னும் வரலையே?

மஞ்சக்குப்பம்_மைதானம்:
வந்துட்டேன் டீச்சர். மஞ்சக்குப்பத்துல முதல்ல கார்டன் ஹவுஸ், கோட்டை கவர்னருக்கான தோட்ட வீடு, பின்னால கலெக்டர் பங்களா ஆச்சு. கிளைவ் இருந்த வீடு. கோட்டை போனாலும் கோட்டைக்காரன் வீடு நிக்குது பாருங்க, சிவப்பு தம்பிக்கு இது ஆறுதலா இருக்கும். 1746 டிசம்பர்ல பாண்டிச்சேரியில இருந்து பிரெஞ்சுப் படை பெண்ணையாத்தைத் தாண்டி வந்து இந்தத் தோட்ட வீட்டைப் பிடிச்சு, சமைச்சு சாப்பிட உக்காந்த நேரத்துல ஆற்காட்டு நவாப்போட பிள்ளைங்க படை வந்துருச்சு, போட்டது போட்டபடி ஆத்தைத் தாண்டித் திரும்பி ஓடினாங்க. அந்தக் காலத்து பாண்டிச்சேரிப் பக்கத்துச் சேதியெல்லாம் பாண்டிச்சேரி பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவோட துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்புல தமிழ்லயே எழுதி வெச்சிருக்காரு, தேவனாம்பட்டினம் பேரு அதுல திரும்பத் திரும்ப வரும். பசங்களுக்கு ரெண்டு பக்கம் வாசிச்சுக் காட்டுங்க, முன்னூறு வருஷத்துக்குப் பக்கத்துல ஆன தமிழ், நம்ம வீட்டுப் பெரியவங்க பேசற மாதிரியே இருக்கும்.

1801-ல ஆற்காட்டு நாடு கம்பெனி கைக்கு வந்து, தென்னாற்காடு மாவட்டம்னு ஆகி, கடலூர் அதோட தலைநகரம். கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, மைதானம், எல்லாம் அதோட வந்ததுதான். 1993-ல தென்னாற்காடு ரெண்டாப் பிரிஞ்சுது, அதுக்கு அப்புறமாத்தான் கடலூர் பேர்லயே மாவட்டம் ஆச்சு. முனிசிபாலிட்டி 1866, இப்ப 2021-ல இருந்து மாநகராட்சி. செயின்ட் ஜோசப் ஸ்கூல் 1868. அந்த ஒரு பத்து வருஷத்துல மட்டும் இவ்ளோ வந்திருக்கு.

ஜெயகாந்தன் 1934-ல பொறந்தது மஞ்சக்குப்பத்துல. புதுமைப்பித்தன் 1906-ல பொறந்தது திருப்பாப்புலியூர்ல. ரெண்டு பேரும் ஒரே ஊரு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

கேப்பர்மலை:
ஜெயிலை யாரும் சொல்லலையேன்னு பாத்துட்டு இருந்தேன். கடலூர் மத்திய சிறை, கேப்பர் மலை, 1865. நான் பொறந்து வளர்ந்ததே அந்தப் பக்கம்தான். செம்மண்ணு, முந்திரிக்காடு, மழை பெஞ்சா ரோடெல்லாம் ரத்தச் செவப்பா ஓடும். உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது, ஆனா மணி அடிக்கறது மட்டும் எங்க வீட்டுக்குக் கேக்கும், எங்கம்மா அதை வெச்சுத்தான் உலை வெப்பாங்க.

பாரதியார் 1908-ல இருந்து பத்து வருஷம் பாண்டிச்சேரியில இருந்துட்டு, 1918 நவம்பர் 20-ந்தேதி பிரிட்டிஷ் எல்லைக்குள்ள கால் வெச்சதும் பிடிச்சுட்டாங்க. கொண்டுவந்து அடைச்சது இந்த ஜெயில்ல. டிசம்பர் 14 வரைக்கும் இருந்தாரு. உலகம் பூரா ஒரு போர் முடிஞ்சு ஒரு வாரந்தான் ஆகியிருந்துச்சு, சண்டை முடிஞ்சுது, இனி ஊருக்குப் போகலாம்னு கிளம்பின மனுஷன். பாண்டிச்சேரில அவர் இருந்த வீட்டை நெறய பேரு போயி பாக்கறாங்க, அவர் சிறை இருந்த மலை இங்க இருக்குன்னு நம்ம பிள்ளைங்களுக்கே யாரும் சொல்றதில்ல. உள்ள கூட்டிப் போக முடியாட்டியும் பரவாயில்ல டீச்சர், மலை மேல ஒரு இடத்துல நிக்க வெச்சு அந்த ரெண்டு தேதியைச் சொல்லி, அவர் பாட்டு ஒண்ணு பசங்களைப் பாட வெயுங்க.

தமிழய்யா_ஓய்வு:
எல்லாம் படிச்சேன், மனசுக்கு நிறைவா இருக்கு. நிறுவனம்னு கேட்டிருக்கீங்க அம்மா, அப்ப திருப்பாப்புலியூர் ஞானியார் மடத்தை விட்டுட்டா பட்டியல் முழுமை ஆகாது. வீரசைவ மடம். அதோட ஐந்தாம் பட்டத்து அடிகள் சிவசண்முக மெய்ஞ்ஞான சிவாசாரிய சுவாமிகள், ஞானியாரடிகள்னு ஊரே சொல்லும், 1873-ல பொறந்து 1942-ல மறைஞ்சவங்க. தமிழ்நாட்டுல மேடையில தமிழ்ல மணிக்கணக்கா பேசி ஜனங்களைக் கட்டிப் போடலாம்னு காட்டினவங்கள்ல முன்னால நிக்கறவங்க. பாடம் கேக்க வந்தவங்களுக்கு தொல்காப்பியத்துல இருந்து சொல்லிக் கொடுத்து சோறும் போட்டு அனுப்பின இடம். மேல சொன்னாங்களே வண்டிப்பாளையத்து சுந்தர சண்முகனார், அவரும் அந்த மடத்துல பாடம் கேட்டவர்தான்.

எனக்கு சொல்லிக் கொடுத்த வாத்தியார் ஒருத்தர் சின்ன வயசுல அடிகளோட பேச்சைக் கேட்டவரு. மைக்கு கிடையாது, பின்னால கடைசி வரிசையில உக்காந்தவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா கேக்கும், ழகரமும் ளகரமும் ஒண்ணோட ஒண்ணு மோதாதுன்னு சொல்லுவாரு. அவர் பாடம் நடத்தும்போதும் அதே மாதிரிதான் இருக்கும். எனக்கு அது வந்துச்சு, என்கிட்ட படிச்சவங்கள்ல நாலு பேருக்காவது போயிருக்கும். டீச்சரம்மா, கட்டடத்தோட வயசைக் கேக்கறப்ப இந்த மாதிரி கைமாறி வர்றதையும் கணக்குல எடுங்க. மடத்துல பசங்களை ஒரு அரை மணி நேரம் உக்கார வெக்கணும், முன்கூட்டியே கேட்டு வெச்சுட்டா போதும்.

பொதுவுல சொல்லிடறேன், தூரத்தைப் பாக்காம ஒரு தனி நாள் வடலூருக்கும் கூட்டிப் போங்க. வள்ளலார் 1867 மே 23-ந்தேதி தருமச்சாலையில மூட்டின அடுப்பு இன்னும் அணையல. வர்றவங்களுக்கு எல்லாம் சோறு. நூத்தம்பது வருஷத்துக்கு மேல அணையாத ஒரு அடுப்பை எட்டாங் கிளாஸ் பசங்க பாக்கணும்.

திருவந்திபுரம்_மாப்ள:
என் கல்யாணம் நடந்த இடத்தை நான் சொல்லலைன்னா எப்படி. நம்ம மாவட்டத்துல பாதிப் பேருக்கு கல்யாணம் அங்கதான், முகூர்த்த நாள்ல மலையடிவாரத்துல ஒரு மாலைக்கும் அடுத்த மாலைக்கும் நடுவுல நடக்க இடம் இருக்காது, எந்த மேளம் யாருக்கு அடிக்குதுன்னே தெரியாது. தேவநாதசாமி கோயில், திருமங்கையாழ்வார் பாடினது, நடுநாட்டுல இருக்கற ரெண்டே ரெண்டு திவ்யதேசத்துல ஒண்ணு, இன்னொண்ணு திருக்கோவிலூர். எதுத்தாப்புல ஔஷதகிரி மலை, மேல ஹயக்ரீவர். பரிட்சைக்கு முன்னாடி பேனாவோட நம்ம பசங்க ஏறுவாங்களே அதான்.

வேதாந்த தேசிகர் 13, 14-ஆம் நூத்தாண்டுல இங்க பல வருஷம் இருந்து தமிழ், சமஸ்கிருதம், பிராகிருதம் மூணுலயும் தேவநாதனைப் பாடியிருக்காரு. அவரே கட்டினதா சொல்ற கிணறு இருக்கு, அவரே செஞ்சதா சொல்ற அவர் சிலையும் இருக்கு. எல்லாத்தையும் செய்யத் தெரிஞ்சவர்னு பேரு இருந்ததால கிணறு கட்டிக் காட்டச் சொன்னாங்களாம், கோணல் கல்லாக் கொடுத்தும் கட்டினாராம். இது கதை, டீச்சர், கதைன்னே சொல்லிடறேன். கெடிலம் அந்த இடத்துல மட்டும் வடக்குப் பாத்து ஓடும், இது கதை இல்ல, சூரியனை வெச்சு பசங்களே திசை பாத்துக்கலாம்.

உப்பனாறு:
இவ்ளோ நேரம் படிச்சுட்டு இருந்தேன், எங்க ஜனத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல. கல்லுல எழுதினவன், பேப்பர்ல எழுதினவன், ரெண்டு பேரும் கரைக்கு வந்து இறங்க எங்க ஆளுங்க கட்டுமரமும் அலையைத் தாண்டற மசூலாப் படகும் வேணும். கடலூர்ல கப்பல் கரைக்கு வராதுங்க, தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், சரக்கையும் ஆளையும் படகுல ஏத்தி அலையைத் தாண்டி கொண்டாரணும். டச்சுக்காரன் துணியும் இங்கிலீஷ்காரன் பணமும் எங்க பாட்டன் துடுப்புலதான் போச்சு. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைகோரி, இந்தக் குப்பங்களைக் கேளுங்க எது பழசுன்னு.

2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமியில இதே ஊருங்கதான் போச்சு. வீடு போச்சு, படகு போச்சு, ஆளு போச்சு. 2011 கடைசியில தானே புயல். அத்தனைக்கு அப்புறமும் அதே கரையில இருக்கோம், பஞ்சாயத்து அதே மாதிரி கூடுது, யாரு எந்தப் பக்கம் வலை போடணும், கடலுக்குப் போகக் கூடாத நாள் எது, சண்டை வந்தா யாரு தீர்க்கறது, எல்லாம் ஊர்க் கட்டுப்பாடுதான். நீங்க 1865, 1868னு சொல்ற எல்லாத்தையும் விட இது பழைய நிறுவனம். போர்டு மட்டும் இல்ல.

மாசி மகத்தன்னிக்கு சுத்துப்பட்டு சாமி எல்லாம் தேவனாம்பட்டினம் கடலுக்கு தீர்த்தவாரிக்கு வரும். வர்ற சாமிக்கெல்லாம் கரை எங்க கரை.

பழங்கல்:
உப்பனாறு தம்பி சொன்னதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். வருஷம் போட்டு எழுத ஆதாரம் இல்லாததை நான் பட்டியல்ல மேல வெக்க மாட்டேன், அதுல நான் மாறல, ஏன்னா நாளைக்கு எவன் வேணா எதை வேணா பத்தாயிரம் வருஷம்பான், ஏற்கெனவே நெட்டுல நம்ம ஊரைப் பத்தி அப்படி எவ்ளோ திரியுது. ஆனா பசங்க அந்தப் பஞ்சாயத்துப் பெரியவங்க ஒருத்தர்கூட உக்காந்து பேசணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. நோட்டுல ரெண்டு பக்கம் கோடு போடச் சொல்லுங்க டீச்சர், ஒரு பக்கம் வருஷத்தோட இருக்கறது, இன்னொரு பக்கம் வாயோட இருக்கறது. ரெண்டும் நிரம்பட்டும்.

பெண்ணையாத்துப்_பொண்ணு:
பொங்கல் லீவுன்னு சொல்லிட்டு தை அஞ்சை யாரும் சொல்லலையே! ஆத்துத் திருவிழா டீச்சர். எங்க பக்கத்து ஊர்ச் சாமியெல்லாம் மாட்டு வண்டியிலயும் டிராக்டர்லயும் பெண்ணையாத்து மணலுக்கு வரும், கெடிலத்துலயும் நடக்கும். சுருளிக்கிழங்கு அன்னிக்குத்தான் மலையா குவிச்சு விப்பாங்க, வேக வெச்சு தோலை உரிச்சா உள்ள வெள்ளை வெளேர்னு இருக்கும், கையில பிசுக்குன்னு ஒட்டும், வெறும் உப்பு போட்டு எங்கம்மா கொடுப்பாங்க. கல்யாணம் ஆகி வெளியூர் போன பொண்ணுங்க எல்லாம் அன்னிக்கு ஆத்துல இருப்பாங்க.

2024 டிசம்பர்ல பெஞ்சல் புயல் மழைக்கு பெண்ணையாத்துல வந்த தண்ணி எங்க வீட்டு ஜன்னல் வரைக்கும் நின்னுச்சு. கரையோரம் இருந்த வயலு மணல் மூடிப் போச்சு. அடுத்த மாசமே தை அஞ்சு, அதே ஆத்துக்குப் போயி சாமியை இறக்கிக் குளிப்பாட்டினோம். எங்க மாமனார், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு காலம் பூரா கரும்பு அனுப்பினவரு, அந்த ஆலையே 1840-கள்ல வந்தது, வீட்ல நெல்லு நனைஞ்சு முளைச்சுக் கிடந்துச்சு, அவர்தான் முதல் ஆளா வண்டியைக் கட்டினாரு. ஏன் மாமான்னு கேட்டேன். வருஷம் தவறக் கூடாதும்மான்னாரு.

டீச்சரம்மா_கடலூர்:
தேதி முடிவாயிடுச்சு. தை அஞ்சு. ஹெச்.எம். கிட்ட இன்னிக்கே சொல்லிட்டேன், ஸ்கூல் தொறந்திருந்தாலும் பெர்மிஷன் போட்டுக்கலாம்னுட்டாங்க.

ரூட்டு இப்படி யோசிச்சிருக்கேன். காலையில ஏழு மணிக்கு பாடலீஸ்வரர் கோயில், அங்கிருந்து நடந்தே ஞானியார் மடம். அப்புறம் வண்டியில கரையேறவிட்ட குப்பம், கேப்பர் மலை. அங்க பாரதி பாட்டு. பதினோரு மணிக்கு முதுநகர், மார்க்கெட்டு, மணிக்கூண்டு, உப்பனாத்துக் கரை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மஞ்சக்குப்பம், கார்டன் ஹவுஸை ரோட்டுல இருந்தே பாத்துட்டு, கோட்டை இருந்த இடம், தேவனாம்பட்டினம். சாயங்காலம் பெண்ணையாத்துல முடிக்கறோம். திருவந்திபுரமும் வடலூரும் தனி நாள். கெடிலத்தைத் தாண்டும்போது பெரியார் சிலைகிட்ட வண்டியை நிறுத்தி, 1944-ல அவர் மேல செருப்பு வீசின இடத்துல சிலை வந்த கதையும் சொல்லப் போறேன், பசங்களுக்கு அது தெரியணும்.

மூணு உதவி வேணும். கோட்டைகிட்ட சிவப்பு வந்து பேசணும். குப்பத்துல பெரியவர் யார்கிட்ட பேசலாம்னு உப்பனாறு கேட்டுச் சொல்லணும், அன்னிக்கு கடலுக்குப் போற நாளா இருந்தா அவங்க திரும்பி வர்ற நேரத்துக்கு நாங்க மாத்திக்கறோம். மடத்துக்குத் தமிழய்யா கூட வந்தா பசங்க குடுத்து வெச்சவங்க.

உப்பனாறு:
பெரியவரு எங்க சித்தப்பாதான். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வலை பின்னிகிட்டு கரையிலதான் இருப்பாரு. பசங்களை நேரா கூட்டி வாங்க, கேமரா மொதல்ல எடுக்க வேணாம், பேச ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எடுத்துக்கலாம். பஞ்சாயத்து எப்படி நடக்கும்னு கேளுங்க, அதுல ஆரம்பிச்சா அவரே மத்ததை எல்லாம் சொல்லுவாரு.

தமிழய்யா_ஓய்வு:
அவசியம் வர்றேன் அம்மா. மடத்துல நாளைக்கே போயி கேட்டு வெக்கறேன். பசங்க எத்தனை பேருன்னு மட்டும் சொல்லுங்க, தேவாரம் பாடத் தெரிஞ்ச பிள்ளை ஒண்ணு ரெண்டு இருந்தா இப்பவே "ஈன்றாளுமாய்" பழகச் சொல்லிடுங்க, கோயில்ல அப்பர் பாடின இடத்துலயே பாடிடலாம்.